இரண்டு பிடி பச்சைப்பயறு, ஐந்து நாள்: ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வாரச் செயல்பாடு

தொடக்க வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள், தினமும் புதுச் செயல்பாட்டுக்கு எங்கே போவது என்று தவிக்கிறார்கள். எங்கும் போக வேண்டாம். ஒரே பொருளை எடுத்து வாரம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றும் அதற்குள்ளேயே கிடைக்கும். நான் பரிந்துரைப்பது பச்சைப்பயறு. எல்லார் வீட்டிலும் இருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் கண்ணெதிரே மாறியும் விடும்.

தேவையானவை: இரண்டு பிடி பயறு, மூன்று கண்ணாடி டம்ளர், பஞ்சு, வெள்ளைத் துணி, நூல், புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, ஒரு சார்ட். தேங்காய்ச் சிரட்டை கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் முந்தைய வாரமே சொல்லிவையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பயறும் புளியங்கொட்டையும் சின்னப் பிள்ளைகளின் மூக்கிலும் காதிலும் எளிதாகப் போய்விடும். பயறு ஈரத்தில் ஊதி அங்கேயே சிக்கிக்கொள்ளும். அப்படி நடந்தால் நீங்களே குச்சி விட்டு எடுக்க முயலாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணுவதைப் பிள்ளைகளே செய்யட்டும், அதுவும் கணக்குத்தானே.

திங்கள்

வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஐந்து பயறு கொடுங்கள். "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பேச விடுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லவே கூடாது. வாரம் முழுவதையும் இழுத்துச் செல்வது இந்தக் கேள்விதான்.

பிறகு மூன்று டம்ளரிலும் பஞ்சைத் திணித்து, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளியே தெரியும்படி பயறை வையுங்கள். முதல் டம்ளர் காய்ந்தபடியே இருக்கட்டும். இரண்டாவதில் பஞ்சு நனையும் அளவுக்குத் தண்ணீர். மூன்றாவதில் பயறு மூழ்கும்வரை தண்ணீர். எதில் முளைக்கும்? ஒவ்வொரு பிள்ளையும் தான் நினைக்கும் டம்ளர் முன்னால் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். கொட்டைகளை வரிசையாக அடுக்கினால் எது கூட, எது குறைவு என்று எண்ணாமலே தெரியும், அதற்கப்புறம் எண்ணுங்கள். பெரும்பாலும் தண்ணீர் நிறைந்த டம்ளருக்குத்தான் கூட்டம் சேரும். திருத்த வேண்டாம்.

மாலையில் மீதிப் பயறை ஊறப்போடுங்கள்.

செவ்வாய்

ஊறிய பயறையும் காய்ந்த பயறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி, படம் வரையச் சொல்லுங்கள். வரைந்த பின்தான் எழுத்து. படத்தின் கீழே "படம்" என்று எழுதிக் காட்டி, ப, ட, ம, ர, ம், ட் அட்டைகளைக் கொடுத்தால் மரம், பட்டம், மட்டம் என்று அவர்களே சேர்ப்பார்கள். பார்த்து எழுதும் வேலையை இந்த நாளில் கொடுக்காதீர்கள். கை வலித்தால் வாய் மூடிக்கொள்ளும். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் முன்பு இருந்த செயல்வழிக் கற்றல் முறையின் காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் வரைந்த கரும்பலகை உங்கள் வகுப்பில் இன்னும் இருந்தால், அதில் எழுத விடுங்கள்.

பயறை வடித்து ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

புதன்

மூட்டையை அவிழ்த்ததும் "டீச்சர், வால் முளைச்சிருக்கு!" என்று கத்துவார்கள். கத்தட்டும். அது வேர் என்பதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்றல் நிலையை வைத்துப் பிரித்த அரும்பு (தொடக்கம்), மொட்டு (நடு), மலர் (மேல்) நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். மூவருக்கும் மூன்று பாடம் தேட வேண்டியதில்லை, அதே பயறு போதும். அரும்பு நிலையினர் பார்த்ததை வாயால் சொல்லட்டும், மொட்டு நிலையினர் படத்துக்குப் பெயர் எழுதட்டும், மலர் நிலையினர் இரண்டு வரி எழுதட்டும்.

இன்றிலிருந்து இரண்டாம் டம்ளரில் ஒரு வேரைக் குறித்து வைத்து, அதன் நீளத்துக்கு நூலை வெட்டி சார்ட்டில் ஒட்டுங்கள்.

வியாழன்

குழுவுக்கு 20 முளைப்பயறு. முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை? ஒரு குழுவுக்கு 17-ம் 3-ம் வரும், இன்னொன்றுக்கு 18-ம் 2-ம் வரும். கூட்டினால் எல்லாருக்கும் 20. அதையே ஈர்க்குச்சியில் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டுங்கள். எண்ணியதில் ஆளுக்கு நான்கைந்தைச் சிரட்டை மண்ணில் ஊன்றட்டும். கை படாமல் வைத்த மீதியைச் சமையல் அக்காவிடம் கொடுத்து நன்றாக வேகவைத்துச் சுண்டலாக்குங்கள். பச்சையாகக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போகும்முன் இரண்டாம் டம்ளரைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிடுங்கள்.

வெள்ளி

படுத்த டம்ளரில் வேர் கீழ்நோக்கி வளைந்திருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதற்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். வளைந்த வேரையும் நூலால் அளக்கலாம், அதனால்தான் ஸ்கேல் வேண்டாம் என்கிறேன். மூன்று நூல்களும் சார்ட்டில் ஏறிக்கொண்டே போவதைப் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

மூழ்கிய பயறு ஊதியிருக்கும், சில லேசாக முளைவிட்டு நின்றிருக்கும், நாற்றமும் வரலாம். தண்ணீரோடு காற்றும் வேண்டும் என்று இப்போது விளக்குங்கள். திங்கட்கிழமைக் கேள்வியை மறுபடி கேட்டு, யார் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அவர்கள் பேச்சிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். வாரம் முழுக்க வாய் திறக்காத பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி, அடுத்த வார வட்டத்தில் அவர்களை உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். சிரட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். சனி, ஞாயிறில் பள்ளியில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.