தஸ்தக் தகராறைக் கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி

வங்காள நவாப்களுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த மோதலைப் போர்களின் வரிசையாகப் படித்தால் பிளாசி, பக்சார் என்று பெயர்கள்தான் மனதில் நிற்கும். சுங்கச்சாவடியில் மறிக்கப்பட்ட ஓர் உப்புப் படகிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: சரக்கு யாருடையது, எங்கே போகிறது, சீட்டு யார் கொடுத்தது, சுங்கம் எவ்வளவு.

முதல் கட்டம்தான் உயிர்நாடி. 1717இல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் தந்த ஃபர்மான் என்னும் அரசாணைப்படி, ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டினால் வங்காளத்தில் கம்பெனிச் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. அதற்கான சீட்டுதான் தஸ்தக். காட்டினால் படகை விட்டுவிட வேண்டும். இது ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்கு மட்டும் என்பது நவாப்களின் வாதம். கம்பெனி ஊழியர்களோ சொந்தப் பணத்தில் உள்நாட்டிலேயே வாங்கி விற்ற உப்பு, பாக்கு, புகையிலைக்கும் தஸ்தக்கை நீட்டினார்கள். உள்ளூர் வியாபாரிகளுக்கு அதை விலைக்கும் விற்றார்கள். ‘ஆங்கிலேய வணிகம்’ என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் கணக்கு அங்கேயே பிசகிவிடும்.

1756இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைத் தாக்கியதற்குச் சொன்ன காரணங்களில் தஸ்தக் முறைகேடும் ஒன்று. கோட்டையைப் பலப்படுத்தியது, அவருடைய ஆட்சியிலிருந்து தப்பிவந்தவருக்கு அடைக்கலம் கொடுத்தது ஆகியவை மற்றவை. இதைக் குறித்துக்கொண்டு, பின்னாளில் நவாபான மீர் காசிமிடம் வந்துவிடுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1762 கடைசியில் கம்பெனியின் ஆளுநர் வான்சிட்டார்ட், நவாபின் தலைநகரான முங்கேருக்குப் போய் மீர் காசிமுடன் ஓர் உடன்பாடு செய்தார்: ஊழியர்களின் சொந்த உள்நாட்டு வணிகத்துக்கு 9 சதவீதம் சுங்கம். உள்ளூர் வியாபாரி கட்டியது இதைவிட அதிகம். அப்படியும் கம்பெனியின் நிர்வாகக் குழுவான கல்கத்தா கவுன்சில் ஒப்பவில்லை. உப்புக்கு மட்டும் இரண்டரை சதவீதம் தருகிறோம், மற்றதற்கு ஒன்றுமில்லை என்றது. கவுன்சில் உறுப்பினர் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆளுநர் பக்கம் நின்றார் என்பதையும் எழுதிவையுங்கள். கம்பெனி ஒரே குரலில் பேசவில்லை.

இப்போது 1,000 ரூபாய் உப்புக்குக் கணக்குப் போடுங்கள். உடன்பாட்டின்படி 90 ரூபாய், கவுன்சில் சொன்னபடி 25. 1763 மார்ச்சில் மீர் காசிம் எல்லோருக்குமே உள்நாட்டுச் சுங்கத்தை ரத்து செய்தார். ஆங்கிலேயருக்கும் பூஜ்யம், உள்ளூராருக்கும் பூஜ்யம். கட்ட வேண்டியதே இல்லாதபோது கவுன்சிலுக்கு ஏன் கோபம்? அவர்கள் லாபம் சுங்க விலக்கில் இல்லை. பக்கத்துப் படகுக்காரன் சுங்கம் கட்டுவதில் இருந்தது. ஆகவே ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து, உள்ளூர் வியாபாரிக்கும் ஊழியருக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் எழுதுங்கள். அது பூஜ்யமானபோதுதான், தங்கள் சலுகை பறிபோயிற்று என்று கவுன்சில் ரத்தை எதிர்த்தது. நவாப் தன் வருமானத்தையே விட்டுக்கொடுத்துச் செய்த காரியம் இது. ‘பேராசைக்கார நவாப்’ என்று எழுதுபவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே ஆண்டு ஜூனில் கம்பெனிப் படை பாட்னாவைத் தாக்கியது. 1764 அக்டோபர் 22 பக்சார் போர், கம்பெனி வென்றது.

1765க்கு வந்ததும் தாளை மாற்றுங்கள். முகலாயப் பேரரசர் ஷா ஆலம் கம்பெனிக்குத் தந்த திவானி, நிலவரி வசூலிக்கும் உரிமை. அரசுரிமை என்று எழுதிவிடாதீர்கள், காவல், குற்றவியல் நீதி ஆகியவற்றைப் பார்க்கும் நிஜாமத் பெயரளவில் நவாபிடமே இருந்தது. பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் என்று பேச்சு. புதுத் தாளில் இரண்டு கட்டம் போதும்: வசூலான வரி, அதே வரிப்பணத்தில் வாங்கி லண்டனுக்கு அனுப்பிய சரக்கு.