புது மேக்புக் எப்ப வரும், என்ன வரும்: நீங்களே கணிக்கறது எப்படி

லேப்டாப் வாங்கலாம்னு முடிவு பண்ணின உடனே வர்ற சந்தேகம் இதான், இப்ப வாங்கினா அடுத்த மாசமே புதுசு விட்ருவாங்களோன்னு. ஆப்பிளோட லேப்டாப்பான மேக்புக் விஷயத்துல இதுக்கு நாமளே ஓரளவு நல்லா பதில் கண்டுபிடிக்கலாம். ஆனா ஒண்ண முதல்லயே பிரிச்சு வச்சுக்கோங்க. எப்ப வரும்ங்கறது ஒரு கேள்வி, என்ன வரும்ங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு ஆதாரம் நிறைய கெடைக்கும், ரெண்டாவதுக்கு கொஞ்சம் தான் கெடைக்கும். ரெண்டையும் கலந்துட்டா தான் ஏமாறுவோம்.

மொதல்ல பழைய தேதிகள ஒரு பேப்பர்ல எழுதுங்க. (ஏர், ப்ரோங்கறது மேக்புக் வரிசைகள், எம்1, எம்2ங்கறது உள்ள இருக்கற ஆப்பிள் சிப்போட தலைமுறை.) 13 இன்ச் ஏர்: எம்1 2020 நவம்பர், எம்2 2022 ஜூன்ல அறிவிச்சு ஜூலைல விற்பனை, எம்3 2024 மார்ச், எம்4 2025 மார்ச். 14 இன்ச் ப்ரோ: 2021 அக்டோபர், 2023 ஜனவரி, அதே 2023 அக்டோபர், 2024 அக்டோபர், 2025 அக்டோபர். இத பாத்ததும் சராசரி போட தோணும், தயவுசெஞ்சு போடாதீங்க, ஏன்னா 2023 ஜனவரில எம்2 ப்ரோ சிப் வந்து ஒம்போது மாசத்துலயே எம்3 வந்து நின்னுச்சு, ஏர்லயோ எம்1-க்கும் எம்2-க்கும் நடுவுல ஒன்றரை வருஷத்துக்கு மேல ஓடிருச்சு, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சராசரி எடுத்து யாருக்கு என்ன பிரயோஜனம். அதுக்கு பதிலா மாசத்த பாருங்க. ஏர் மார்ச் பக்கம், ப்ரோ அக்டோபர் பக்கம்னு ஒரு பழக்கம் தெரியுது. அந்த மாசத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி இருக்கீங்கன்னா பொறுக்கறது நியாயம், எட்டு மாசம் முன்னாடி இருக்கீங்கன்னா பொறுக்கறதுல அர்த்தமே இல்ல.

இதுல இன்னொண்ணு, ஆப்பிளோட அறிமுக நிகழ்ச்சிக்கு அழைப்பு வரலன்னா புதுசும் வராதுன்னு நெனைக்காதீங்க. 2023 ஜனவரி ப்ரோ, 2024 மார்ச் ஏர், 2025 மார்ச் ஏர் மூணுமே வெறும் செய்திக்குறிப்புல வந்தது தான்.

அடுத்து சிப். மேக்புக்ல வர்ற எம் வரிசை சிப்போட கோர் (கணக்கு போடற பகுதி) பெரும்பாலும் ஐபோன் சிப்ல முன்னாடியே வந்துருக்கும். எம்1-க்கு ஏ14, எம்2-க்கு ஏ15, எம்3-க்கு ஏ17 ப்ரோ. அதனால செப்டம்பர்ல புது ஐபோன் வந்ததும் அதோட சிங்கிள் கோர் ஸ்கோர (ஒரு கோர் மட்டும் எவ்ளோ வேகம்ங்கற மதிப்பெண்) எடுத்து போன தலைமுறையோட ஒப்பிட்டு பாருங்க, அடுத்த லேப்டாப்ல வேகம் எவ்ளோ கூடும்னு கிட்டத்தட்ட ஒரு அளவு தெரிஞ்சுரும். ஐபேடையும் விட்டுறாதீங்க. எம்4 மொதல்ல வந்தது 2024 மே மாசம் ஐபேட் ப்ரோவுல, லேப்டாப்புக்கு அக்டோபர்ல தான் வந்துச்சு. அஞ்சு மாசம் முன்னாடியே பெஞ்ச்மார்க் (வேக சோதனை முடிவு) முழுசா வெளிய இருந்துச்சு, வதந்தியே தேவைப்படல.

ஆனா சாதா சிப் வந்த தேதிய வச்சு அதோட பெரிய வகைகளான ப்ரோ, மேக்ஸ் சிப்போட தேதிய முடிவு பண்ணாதீங்க. 2025 அக்டோபர்ல எம்5 வந்தப்ப 14 இன்ச்ல அடிப்படை மாடல் மட்டும் தான் மாறுச்சு, பெரிய சிப் எதுவும் அன்னிக்கு வரல. வீடியோ எடிட்டிங்குக்கு மேக்ஸ் தான் வேணும்ங்கறவங்க அதுக்குன்னு தனியா ஒரு தேதி வரிசை எழுதணும்.

டிசைன் மாறுமான்னு கேட்டா, அதுக்கு நீளமான கணக்கு ஒண்ணு இருக்கு. மேக்புக் ப்ரோவோட உடம்பு மாறின வருஷங்கள் 2008, 2012, 2016, 2021. அதாவது நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா. நடுவுல பெரும்பாலும் சிப் தான் மாறும். உடம்பு மாறி ரெண்டு வருஷம் தான் ஆச்சுன்னா, "முழுசா புது டிசைன்"னு யாராவது சொன்னா நம்பறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிங்க.

இப்ப கசிவுகளுக்கு, அதாவது மெஷின் வர்றதுக்கு முன்னாடியே வெளிய வர்ற தகவலுக்கு வருவோம், இங்க தான் பொறுமை வேணும். எல்லா கசிவும் ஒரே எடை கெடையாது. என் கணக்குல முதலிடம் ஆப்பிளோட சொந்த சாஃப்ட்வேர்ல வர்றதுக்கு. 2024 டிசம்பர்ல வந்த மேக்ஓஎஸ் 15.2-லயே எம்4 மேக்புக் ஏர் 13 இன்ச்சும் 15 இன்ச்சும் பேரோட இருந்துச்சு, மெஷின் வந்தது மார்ச்ல. இது மாதிரி ஒண்ணு வந்துருச்சுன்னா மெஷின் உண்டாங்கற சந்தேகமே முடிஞ்சுருச்சு, இனி எந்த வாரம்ங்கறது தான் மிச்சம். அடுத்து யூரேசிய பொருளாதார ஆணையத்துல (ரஷ்யா, கஜகஸ்தான் மாதிரி நாடுகள் சேர்ந்த அமைப்பு) பண்ற பதிவு. என்கிரிப்ஷன் (தகவல ரகசியமா பூட்டி வைக்கற வசதி) இருக்கற சாதனங்கள அங்க விக்கறதுக்கு முன்னாடி பதியணும், அதனால மாடல் நம்பர் வெளிய தெரிஞ்சுரும். ஆனா நம்பர் மட்டும் தான். அதுலருந்து கலர், போர்ட், ஸ்கிரீன்னு கதை கட்டறவங்கள விட்டுருங்க.

மூணாவது, சப்ளை செயின் ஆளுங்க, அதாவது பாகம் செய்யற கம்பெனிகள கவனிக்கறவங்க சொல்றது. இவங்களுக்கு பாகம் தெரியும், தேதி அவ்ளோ தெரியாது. 2021 தொடக்கத்துலயே மிங்-சி குவோங்கற ஆய்வாளர், ப்ரோவுல டச் பார் (கீபோர்ட் மேல இருந்த தொடுதிரை பட்டை) போயிரும், மேக்சேஃப் (காந்தத்துல ஒட்டற சார்ஜர்) திரும்ப வரும், போர்ட் கூடும்னு சொன்னார். அந்த ஏப்ரல்ல ஆப்பிளுக்கு லேப்டாப் செஞ்சு தர்ற க்வாண்டா கம்பெனிலருந்து திருடின வரைபடங்கள ஒரு ரான்சம்வேர் (தகவல திருடி பணம் கேக்கற) கும்பல் வெளிய விட்டப்ப அதுலயும் அதே போர்ட்டுகள் இருந்துச்சு. அக்டோபர்ல வந்த ப்ரோவுல எல்லாம் அப்படியே இருந்துச்சு. ஆனா ஸ்கிரீன் மேல இருக்கற நாட்ச் (கேமராவுக்கான வெட்டு) பத்தி கடைசி நேரம் வரைக்கும் பேச்சே இல்ல. அவ்ளோ கசிஞ்ச மெஷின்லயே கண்ணுக்கு நேரா இருக்கற விஷயம் தப்பிச்சுருச்சுன்னா, "எல்லாமே தெரியும்"னு யாரும் சொல்ல முடியாதுன்னு புரிஞ்சுக்கோங்க.

கடைசி இடம் ரெண்டர் படங்களுக்கு, அதாவது கசிவ வச்சு கம்ப்யூட்டர்ல வரையற கற்பனை படங்களுக்கு. 2022 ஏர் வர்றதுக்கு முன்னாடி ஆப்பிளோட டெஸ்க்டாப் ஐமேக் மாதிரி பல கலரும் ஸ்கிரீன சுத்தி வெள்ளை ஓரமும் வச்சு எத்தனை படம் சுத்துச்சு, வந்தது கறுப்பு ஓரமும் நாலு அடக்கமான கலரும். தட்டையான உடம்பும் மேக்சேஃபும் மட்டும் சரியா இருந்துச்சு. படம் அழகா இருக்கு, அதனாலயே மனசு நம்பிருது.

ஓஎல்இடி ஸ்கிரீன் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ற வகை) விஷயத்தையும் இந்த அளவுகோல்ல வச்சு பாருங்க. மேக்புக்குக்கு ஓஎல்இடி வருதுன்னு பல வருஷமா பேச்சு இருக்கு, எதிர்பார்த்த வருஷம் தள்ளித்தள்ளி போச்சு. ஐபேட் ப்ரோவுக்கு 2024-ல வந்துருச்சு, அதனால லேப்டாப்புக்கும் வரும்ங்கறது நியாயமான கணிப்பு தான். ஆனா பேனல் அப்படிங்கற ஒரே காரணத்துக்காக தேதி தெரியாம காத்திருக்காதீங்க.

நெருங்கிருச்சாங்கறதுக்கு ஒரு கடைசி அடையாளம் இருக்கு: ஆப்பிள் ஆன்லைன் ஸ்டோர்ல டெலிவரி தேதி திடீர்னு பல வாரம் தள்ளிப்போறது. ஒரே ஒரு மாடல்ல தள்ளினா அது வெறும் தட்டுப்பாடா இருக்கலாம், ஒரு வரிசைல பல மாடலும் சேர்ந்து தள்ளிப்போனா கவனிங்க.

விண்டோஸ் லேப்டாப்புக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது, அங்க காலண்டர் சிப் செய்யற இன்டெல், ஏஎம்டி, குவால்காம் கைல இருக்கு. ஜனவரி சிஇஎஸ், மே, ஜூன் பக்கம் வர்ற கம்ப்யூடெக்ஸ்னு ரெண்டு தொழில்நுட்ப கண்காட்சியையும் பாத்தா பாதி தெரிஞ்சுரும்.

இவ்ளோவும் சேத்து உங்க கணிப்ப மூணு வரில எழுதுங்க: எந்த மாசம், எது உறுதி, எது ஆசை. வாங்கற முடிவ முதல் ரெண்டு வரிய வச்சு மட்டும் எடுங்க. மூணாவது வரிய நம்பி ஒரு வருஷம் தள்ளிப்போடறவங்கள பாக்கும்போது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கும், அந்த ஒரு வருஷ வேலை முழுக்க மெதுவான மெஷின்ல போகுது. அப்பறம் புது மாடலே வராம பழசு நல்லதாகறதும் உண்டு, 2024 அக்டோபர்ல எம்2, எம்3 ஏர் ரெண்டுக்கும் விலை மாத்தாம அடிப்படை ரேம 16 ஜிபி ஆக்கினாங்களே அந்த மாதிரி. ரேம அப்பறமா கூட்ட முடியாது, அதனால எப்ப வாங்கினாலும் ரேம்ல கஞ்சத்தனம் வேணாம்.

இன்டெல் மேக் (ஆப்பிளோட சொந்த எம் சிப்புக்கு முன்னாடி இன்டெல் சிப்போட வந்தது) வச்சுருக்கறவங்களுக்கு காத்திருக்க எல்லை ஒண்ணு இருக்கு: இன்டெல்லுக்கு கடைசி பதிப்பு மேக்ஓஎஸ் 26 தான்னு ஆப்பிளே 2025 ஜூன்ல சொல்லிட்டாங்க, அந்த பதிப்பு கூட சில இன்டெல் மாடல்ல தான் ஓடும். உங்க மாடல் அந்த பட்டியல்ல இல்லன்னா அடுத்த மார்ச், அக்டோபர் இதுல எது முன்னாடி வருதோ அதுவரைக்கும் பொறுங்க, அதுக்கு மேல வேணாம்.