பிபி இருக்கு, தலையும் வலிக்குது... இப்ப என்ன பண்றது?

நிறைய பேர் தலை வலிச்சா போதும், "பிபி ஏறிடுச்சு போல"ன்னு ஒரு மாத்திரையை எக்ஸ்ட்ராவா போட்டுக்கறாங்க, தலை வலிக்கலன்னா "எனக்கு நார்மலாதான் இருக்கு"ன்னு தினமும் போட வேண்டியதையும் விட்டுடுறாங்க. ரெண்டுமே ஆபத்துங்க. மேல் நம்பர் 150, 160ன்னு ஓடிட்டு இருக்கற பிபி பெரும்பாலும் தலையில ஒரு சின்ன வலிய கூட காட்டாது, ஆனா உள்ளுக்குள்ள கிட்னி, இதயம், மூளை ரத்தக்குழாய் எல்லாத்தையும் மெல்ல கெடுத்துட்டே இருக்கும். தலைவலிய வச்சு பிபிய கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பாக்கணும்.

சரி, தலை வலிக்குது. முதல்ல மெஷினை தேடாதீங்க, ஆளை பாருங்க. வாய் கோணுதா, பேச்சு குழறுதா, ஒரு பக்கம் கை கால் வரலையா, பார்வை மங்குதா, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், குழப்பமா பேசறது, வலிப்பு, இல்ல வாழ்க்கையிலயே இப்படி ஒரு வலி வந்ததில்லன்ற அளவுக்கு திடீர்னு வந்த தலைவலியா? இதுல ஒண்ணு இருந்தாலும் பிபி எவ்வளவுன்னு பாத்துட்டு உக்காந்திருக்க வேணாம், உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிடுங்க.

இது எதுவும் இல்லன்னா அளக்கலாம், ஆனா ஒழுங்கா அளக்கணும், இதுலதான் பாதி பேர் கோட்டை விடறாங்க. முந்தின அரை மணி நேரத்துல டீ, காபி, சிகரெட், எக்சர்சைஸ் எதுவும் இருக்கக்கூடாது, யூரின் முட்டிக்கிட்டு இருந்தா போயிட்டு வந்துடுங்க, முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரையில வச்சு, கால் மேல கால் போடாம, 5 நிமிஷம் பேசாம உக்காருங்க. மெஷினோட பட்டைய சட்டை மேல சுத்த வேணாம், வெறும் கையில சுத்துங்க, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். தடிமனான கைக்கு சின்ன பட்டைய சுத்தினா இல்லாத பிபி கூட இருக்கற மாதிரி காட்டும். 1 நிமிஷம் விட்டு ரெண்டு தடவை எடுங்க.

வந்த நம்பர பாத்து பயப்படறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: வலியே பிபிய ஏத்தும், பதட்டமும் ஏத்தும். அதனால தலை வலிக்கும்போது 155 வந்தா பிபியாலதான் வலின்னு சொல்லிட முடியாது, வலியால கூட அது ஏறியிருக்கலாம், வலி அடங்கினதும் திரும்ப அளந்து பாருங்க. நிஜமா பிபியால வர்ற தலைவலி பொதுவா 180/120ஐ தொட்டாலோ தாண்டினாலோதான் வரும், பெரும்பாலும் ரெண்டு பக்கமும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், நடந்தா வேலை செஞ்சா இன்னும் ஜாஸ்தியாகும். அந்த அளவு நம்பர் வந்தா கொஞ்ச நேரம் அமைதியா இருந்து மறுபடி எடுங்க, அப்பவும் அங்கேயே நின்னு தலையும் வலிச்சா அன்னிக்கே, தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட போங்க. வீட்டிலயே டபுள் டோஸ் போட்டு வேகமா இறக்கப் பாக்காதீங்க ப்ளீஸ், சடார்னு இறங்கினா மூளைக்கு போற ரத்தம் குறைஞ்சு ஸ்ட்ரோக் கூட வரலாம்.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு கணக்கே வேற. 20 வாரத்துக்கு மேல, பிரசவம் ஆகி 6 வாரம் வரைக்கும், விடாத தலைவலியோட 140/90 வந்தாலே அன்னிக்கே ஆஸ்பத்திரி, 180 வரட்டும்னு காத்திருக்கவே கூடாது.

அடுத்தது வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைங்க உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பிபிய ஏத்தும், சில பிபி மாத்திரையோட வேலையையும் கெடுக்கும். பாரசிட்டமால் எப்பவாவது போட்டா பரவால்ல, ஆனா தினமும் 4 கிராம்னு தொடர்ந்து போட்டா அதுவும் பிபிய ஏத்துதுன்னு 2022ல வந்த ஆய்வு சொல்லுது. தண்ணில போட்டா நுரைக்கற மாத்திரைல சோடியம் ஜாஸ்தி, அதை தவிர்த்துடுங்க. மூக்கடைப்புக்கு போடற சளி மாத்திரை நிறையவும் பிபிய ஏத்தற ரகம். மாசத்துல 15 நாள், அதுக்கு மேலன்னு சில மாசமா வலி மாத்திரை போடறீங்கன்னா அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்கிட்டு இருக்கலாம்.

இன்னொண்ணு, அம்லோடிபின் மாதிரி பிபி மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல சிலருக்கு தலை வலிக்கும், அது ரத்தக்குழாய் விரியறதால, பெரும்பாலும் போகப்போக அடங்கிடும். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, குளோனிடின், பீட்டா பிளாக்கர் மாதிரி சில பிபி மாத்திரைய பட்டுனு நிறுத்தினா பிபி தூக்கி அடிக்கும். டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்தி குடுப்பாங்க.

காலைல எழுந்ததுமே தினம் தலைவலி, ராத்திரி பலமா குறட்டை, பகல்ல தூக்கம் சொக்குதுன்னா தூக்கத்துல மூச்சு தடைபடற ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம், அது பிபியையும் ஏத்தும் தலைவலியையும் தரும், மறக்காம அதையும் செக் பண்ணச் சொல்லுங்க.

டாக்டர பாக்கறதுக்கு முன்னாடி 7 நாள் காலைலயும் சாயங்காலமும் அளந்து எழுதுங்க, எந்த நேரத்துல தலை வலிச்சுது, என்ன மாத்திரை போட்டீங்கன்னு பக்கத்துலயே குறிச்சுக்கோங்க. முதல் நாள் நம்பரை விட்டுட்டு மத்ததோட சராசரி 135/85 இல்ல அதுக்கு மேல வந்தா, தலை வலிக்குதோ இல்லையோ, அந்த பேப்பரை எடுத்துட்டு போய் காட்டுங்க.