மூன்று கறித்தூள் ஆலைகள் ஒன்றாகிக் கப்பலேற்றும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறு ஆலைகளுக்குக் கணக்கெழுதுகிறேன். தூள் தரமாக இருந்தும், அளவு போதாமல் வெளிநாட்டு ஆர்டரைக் கைநழுவ விடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே நிறுவனமாக இணைவதே கிடைமட்ட ஒருங்கிணைப்பு. 2007-ல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய பெரிய தோட்ட நிறுவனங்கள் இணைந்ததைத் தோட்டத்து மக்கள் நன்கறிவார்கள். சிறியவர்களுக்கும் அது கைகூடும்.

பெயர், பதவிப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். மூன்று ஆலைகளின் மிளகாய்த்தூளையும் வெள்ளைத்தாளில் பகல் வெளிச்சத்தில் பரப்புங்கள். ஒன்று செங்கல் நிறம். இன்னொன்று வறுவல் மிஞ்சிக் கறுத்திருக்கும். மூன்றாவதில் விதைத்துணுக்குகள் மின்னும். வாங்குபவர் பத்தாவது பெட்டியிலும் முதல் பெட்டியின் நிறத்தையே எதிர்பார்ப்பார். ஆகவே சல்லடைக் கண், வறுக்கும் நேரம், ஈரப்பதம் மூன்றையும் எழுத்தில் வையுங்கள். இதில் ஒத்துவராவிட்டால் இணைப்பே வேண்டாம்.

அடுத்தது கொள்முதல். ஈரம் தங்கிய மிளகாயில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. அதிலும் பி1 வகை 5-ஐத் தாண்டக் கூடாது. தனித்தனியாக வாங்கினால் மூன்று ஆய்வகக் கட்டணம். சேர்ந்து வாங்கினால் ஒன்று. ஆனால் அந்தச் சரக்கு தேறாமல் போனால் மூன்று ஆலையும் நின்றுவிடும். எனவே எப்போதும் இரண்டு தொகுதிகளாக வாங்குங்கள். ஆய்வு முடிவு வரும்வரை அரைக்காதீர்கள்.

பிறரோடு பகிரும் கொள்கலனில் கன மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்பார்கள். மூன்று ஆலைச் சரக்கும் சேர்ந்தால் கிள்ளான் துறைமுகத்தில் முழுக் கொள்கலனே எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. தனித்தனி நிறுவனங்களாக இருந்துகொண்டு விலையை மட்டும் பேசி வைத்துக்கொள்வது, 2012 முதல் நடப்பிலுள்ள போட்டிச் சட்டத்தை மீறுவதாகும். உண்மையாகவே இணையுங்கள், கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இயந்திரங்களையும் வணிகப் பெயரையும் வெளியாளை வைத்தே மதிப்பிடுங்கள். சொந்தக்காரர் சொல்லும் விலையில் பாசமும் கலந்திருக்கும். ஓர் ஆலையை மூட நேர்ந்தால் அங்கே பாக்கெட் கட்டும் தோட்டத்துப் பெண்களுக்கு எங்கே வேலை, பஸ் செலவு யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒருவர் விலகினால் அவருடைய பங்கை மற்ற இருவரும் எந்தக் கணக்கில், எத்தனை தவணையில் வாங்குவார்கள் என்பதையும், உறவு இனிக்கும்போதே எழுதிவிடுங்கள்.