கேஸ் வாடை வருகிறதா? முதலில் ஸ்விட்சிலிருந்து கையை எடுங்கள்

கேஸ் வாடை வந்ததும் பலருக்கும் கை தானாக லைட் ஸ்விட்சுக்குத்தான் போகும். ஆபத்தே அங்கேதான். ஸ்விட்சுக்குள் எழும் சிறு பொறி போதும், அறையில் சேர்ந்திருக்கும் கேஸ் பற்றிக்கொள்ள. போடுவதில் மட்டுமல்ல, அணைப்பதிலும் பொறி உண்டு. அதனால் எரிகிற லைட் எரியட்டும், ஓடுகிற ஃபேன் ஓடட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக் காற்றை வெளியேற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

சிலிண்டர் கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. லீக் ஆனால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் சேர்ந்தாலே கேஸ் தீப்பிடிக்கும். அதற்கு வெகு முன்பே மூக்குக்கு எட்டிவிட வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வந்தவர் 'வாடை வருதே' என்றால் அவரை நம்புங்கள்.

1. நெருப்பு. அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் அணையுங்கள். வாடை மூக்கைத் துளைக்கிறது, அல்லது 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்கிறது என்றால் இதற்கெல்லாம் நிற்க வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறி, நேராகக் கீழே எண் 5இல் சொன்னதைச் செய்யுங்கள்.

2. ரெகுலேட்டர். வாடை லேசாக இருந்து, பக்கத்தில் போக முடிந்தால் மட்டும் ரெகுலேட்டரின் திருகை 'ஆஃப்' பக்கம் திருப்புங்கள். அடுப்பின் குமிழ்களையும் மூடுங்கள். பால் பொங்கித் தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்த கதையாகவும் இருக்கலாம்.

3. கதவு, ஜன்னல். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி மூலைகளிலும் அலமாரிக்கு அடியிலும் தேங்கும். உயரத்தில் இருக்கும் ஜன்னல் மட்டும் போதாது. தரைவரை திறக்கும் வாசற்கதவு, பின்கதவு இரண்டையும் அகலத் திறந்து வையுங்கள். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு. அது லேசானது, மேலே போகும்.

4. மூடி. திருகை மூடிய பிறகும் சிலிண்டர் தலையில் சத்தம் வந்தால், ரெகுலேட்டரின் கருப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்துக் கழற்றுங்கள். நூல் கட்டிய மூடியை வால்வின் மேல் 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். இதற்காகவே அந்த மூடியைத் தூக்கிப் போடாமல் சிலிண்டரிலேயே தொங்கவிடச் சொல்கிறார்கள். செய்து பழக்கமில்லை என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு வெளியே போங்கள்.

5. வெளியே வந்து போன். வீட்டுக்குள் செல்போனைத் தொட வேண்டாம், அதன் டார்ச்சையும்தான். தள்ளி நின்று 1906ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் இந்திய அவசர எண் அது. தீ பற்றிவிட்டால் 101 அல்லது 112. அடுக்குமாடி என்றால் லிஃப்டைத் தவிர்த்துப் படியில் இறங்குங்கள். பக்கத்து வீட்டுக்கு காலிங் பெல் அடிக்காதீர்கள், கதவைத் தட்டுங்கள். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே, வாடை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டுமே அணைக்கலாம். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்குவதை அது தடுக்கும்.

ஏஜென்சி மெக்கானிக் பார்க்கும்வரை அந்த சிலிண்டரை மறுபடி மாட்ட வேண்டாம். பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்கும், அல்லது டியூபில் விரிசல் விட்டிருக்கும். எங்கே ஓட்டை என்று அவர் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பார். கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். சிலர் தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பதுண்டு. அப்படி யாராவது ஆரம்பித்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

ஆரஞ்சு நிற டியூபின் மேல் தேதி அச்சிட்டிருக்கும். 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புது சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவரைப் போகவிடாமல், மூடியைத் திறந்து வாஷரையும் கசிவையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அவசரத்தில் இருப்பார்தான், பரவாயில்லை, கேளுங்கள்.