அடிக்கடி வயிறு கெடும் முயலும் அதன் உணவில் நாம் செய்யும் தவறுகளும்

முயலுக்கு மீண்டும் வயிறு சரியில்லை என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, நேற்று அதற்கு என்ன கொடுத்தோம் என்பதாகவே இருக்கிறது. கேரட் துண்டா, புதிதாகக் கொடுத்த கீரையா, குழந்தை ஊட்டிய பிஸ்கட்டா என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஒன்றன் மேல் பழியைப் போட்டு நிறுத்திவிட்டு, மூன்றே வாரத்தில் அதே நிலை திரும்பும்போது அடுத்ததைத் தேடத் தொடங்குகிறோம். ஒருமுறை வந்து போகும் கோளாறுக்கு இந்தத் தேடல் பயன்படலாம். திரும்பத் திரும்ப வருகிறதென்றால், பல வாரங்களாக அந்த முயல் எதைத் தின்னாமல் இருக்கிறது, ஏன் தின்னவில்லை என்று கேட்பதுதான் பயன் தரும். அந்தக் கேள்வி பெரும்பாலும் உலர்புல்லில் போய் நிற்கும்.

காரணம் முயலின் குடல் அமைப்பிலேயே இருக்கிறது. தின்ற புல்லின் நீளமான, செரிக்காத நார் பெருங்குடல் வழியே விரைவாக நகர்ந்து, உருண்டையான காய்ந்த புழுக்கையாக வெளியேறுகிறது. நுண்ணிய துகள்களோ பின்னோக்கித் தள்ளப்பட்டு, பெரிய பை போன்ற குருட்டுக்குடலுக்குள் சேர்ந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் நொதிக்கின்றன. அப்படி நொதித்த பொருளே திராட்சைக் கொத்தைப் போன்ற, பளபளப்பான, மென்மையான இன்னொரு வகைப் புழுக்கையாக வருகிறது. முயல் அதை ஆசனவாயிலிருந்து நேராகவே எடுத்து விழுங்கிவிடும். புரதமும் பி வகை வைட்டமின்களும் அதற்கு இவ்வழியாகவும் கிடைப்பதால், அருவருப்பாகத் தோன்றுகிறதே என்று யாரும் இதைத் தடுத்துவிடக் கூடாது. இந்த ஏற்பாடு முழுவதையும் ஓட வைப்பது நீண்ட நார். நார் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகும். அசைவு மந்தமானால் உள்ளே இருப்பது வறண்டு, வாயு சேர்ந்து, வலி கண்டு, வலியினால் முயல் தின்பதை நிறுத்தி, அதனால் குடல் மேலும் மந்தமாகும்.

ஆகவே முதல் தவறு, உலர்புல்லைப் பல உணவுகளில் ஒன்றாகக் கருதுவது. வளர்ந்த முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உலர்புல்லோ பசும்புல்லோ இருக்க வேண்டும். முயலின் உடல் அளவுக்கு ஒரு குவியல் எந்நேரமும் அதன் முன்னே கிடக்க வேண்டும். இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஹே என்று கடைகளில் விற்கப்படும் உலர்புல்லும் வைக்கோலும் ஒன்றல்ல. வைக்கோல் என்பது தானியத்தை எடுத்த பின் எஞ்சும் தாள். அதில் ஊட்டம் மிகக் குறைவு, அதை விரிப்பாகப் பயன்படுத்தலாமே தவிர முதன்மை உணவாக்க முடியாது. உலர்புல்லிலும் வேறுபாடு உண்டு. திமோதி, ஆர்ச்சர்ட், ஓட்ஸ் புல் போன்றவை வளர்ந்த முயலுக்கு ஏற்றவை. குதிரைமசால் எனப்படும் அல்ஃபால்ஃபாவில் புரதமும் கால்சியமும் மிகுதி என்பதால், அது ஏறத்தாழ ஆறேழு மாதம் வரையிலான குட்டிகளுக்கும் சினை முயலுக்கும் பாலூட்டும் தாய்க்கும் பொருந்துமே அன்றி, வயிற்றுக் கோளாறு உள்ள வளர்ந்த முயலுக்குத் தினசரி உணவாகப் பொருந்தாது. கையில் எடுத்தால் தூசி பறக்கும், பூஞ்சை வாடை அடிக்கும் புல்லை முயல் ஒதுக்குவது நியாயமே. புல்லை இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் ஈரத்துடன் அடைத்து வைத்தால் அது விரைவில் பூசணம் பிடித்துவிடும். முயல்கள் புழுக்கையிடும்போதே மெல்லும் பழக்கம் உள்ளவை என்பதால், கழிவுத் தட்டின் ஓரத்திலேயே புல்லை வைத்தால் தின்னும் அளவு கண்கூடாகக் கூடும்.

நல்ல புல் கொடுத்தும் தின்னவில்லை என்றால், எங்கள் முயலுக்குப் புல் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுவதைத்தான் இருப்பதிலேயே பெரிய தவறாக நான் எண்ணுகிறேன். அதை நானே செய்திருக்கிறேன். ஐந்து வயதைக் கடந்த எங்கள் முயல் தட்டருகே ஆவலுடன் போகும், ஒரு தாளை இழுக்கும், தலையைச் சற்றுச் சாய்த்து ஒரே பக்கமாக மூன்று நான்கு முறை மெல்லும், பிறகு விரல் நீளத்தில் எச்சில் ஊறிய துண்டாக அதைக் கீழே போட்டுவிட்டு பெல்லட் எனப்படும், அரைத்து அழுத்திய துண்டுகளான தீவனம் உள்ள கிண்ணத்துக்கு நகர்ந்துவிடும். வயதாகிவிட்டது, ருசி மாறிவிட்டது என்று நினைத்து பெல்லட்டைக் கூட்டினோம். இரண்டு மாதங்களில் இரண்டு முறை குடல் நின்றுபோனது. மயக்க மருந்து கொடுத்து வாயின் உட்புறத்தைப் பரிசோதித்தபோதுதான், கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் விளிம்பு ஊசிபோல் வளர்ந்து நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. முன்பற்கள் அப்போதும் வரிசையாக, அழகாகவே இருந்தன. முயலின் பற்கள் எல்லாமே வாழ்நாள் முழுதும் வளர்பவை. நீண்ட நாரை மெல்லும் அரைப்பினால்தான் அவை அளவில் நிற்கின்றன. எனவே புல் குறைந்தால் பல் கெடும், பல் கெட்டால் புல் மேலும் குறையும். மோவாய் ஈரமாக இருப்பது, மெல்லிய இலையை மட்டும் தேர்ந்து தின்பது, கிண்ணம் வரை வந்து திரும்பிப் போவது ஆகியவற்றைக் கண்டால் உணவை மாற்றுவதற்கு முன் கடைவாய்ப் பற்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு போன்ற மறைந்த வலிகளும் இதே முகத்தோடு வரக்கூடும்.

பெல்லட்டைப் பொறுத்தவரை அளவுதான் சிக்கல். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்பதை உச்ச வரம்பாகக் கொள்ளலாம். இரண்டு கிலோ முயலுக்கு 50 கிராம். அடிக்கடி வயிறு கெடும் முயலுக்கு மருத்துவர்கள் இதிலும் குறைப்பார்கள், எடை நிலையாக இருந்தால் சில காலம் அறவே நிறுத்தவும் சொல்வார்கள். கிண்ணம் காலியானதும் நிரப்புவதையும் கைப்பிடிக் கணக்கையும் விட்டுவிட்டு, சமையலறைத் தராசில் எடைபோட்டுக் கொடுங்கள். தானியமும் விதைகளும் வண்ணத் துணுக்குகளும் கலந்த உணவை வாங்கவே வேண்டாம். முயல் அதில் மாவுச்சத்து மிகுந்தவற்றைப் பொறுக்கித் தின்றுவிட்டு நார் உள்ளதை ஒதுக்கிவிடும். ரொட்டி, பிஸ்கட், மக்காச்சோளம், பருப்பு, கொட்டைகள், தயிர் சேர்த்த இனிப்பு மிட்டாய்கள் ஆகிய எல்லாமே குருட்டுக்குடலின் நுண்ணுயிர்ச் சமநிலையைக் குலைப்பவை. பொட்டலத்தின் மேல் முயல் படம் இருப்பது எதற்கும் உத்தரவாதமல்ல. பழமும் கேரட் கிழங்கும் ஆரோக்கியமான முயலுக்கே எப்போதாவது ஒரு சிறு துண்டு என்ற அளவில்தான். கோளாறு தொடரும் காலத்தில் அவை முற்றிலும் வேண்டாம்.

கீரை விஷயத்தில் நாம் இரு எல்லைகளுக்கும் போகிறோம். ஒரு நாள் ஐந்து வகை இலைகளை ஒன்றாகப் போடுகிறோம். வயிறு கெட்டதும் பயந்துபோய் எல்லாவற்றையும் நிரந்தரமாக நிறுத்திவிடுகிறோம். கோளாறு தணியும் வரை உலர்புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பார்ப்பது பயனுள்ள முறைதான், ஆனால் அந்த முயல் உண்மையிலேயே புல்லைத் தின்கிறது என்பது உறுதியான பிறகே அதைச் செய்யலாம். பின்னர் கொத்தமல்லித் தழை, புதினா, கேரட் தழை என்று ஏதேனும் ஒன்றை, முதல் நாள் ஓரிரு இலையாகத் தொடங்கி, நான்கைந்து நாள் புழுக்கையைக் கவனித்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். முட்டைக்கோஸ் வகையில் ஒரு முயலுக்கு வாயு சேரும், இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகாது. பிறர் வீட்டு முயலின் பட்டியல் இங்கே உதவாது. கழுவிய ஈரத்தோடு இலையைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்ற அச்சம் தேவையற்றது; அந்த ஈரம் குடலுக்கு நல்லதே. புல்வெட்டும் இயந்திரத்தில் அரைபட்ட பசும்புல்லோ விரைவில் நொதித்துவிடும் என்பதால் அதைக் கொடுக்கவே கூடாது. தண்ணீரைக் குழாய்ப் புட்டியில் மட்டும் வைக்காமல் கனமான கிண்ணத்திலும் வையுங்கள். பெரும்பாலான முயல்கள் கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கின்றன. பெல்லட்டின் வகையை மாற்ற வேண்டியிருந்தால் ஏழு முதல் பத்து நாள்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும்.

பின்புறத்தில் பசைபோல் ஒட்டியிருப்பதை எல்லாம் வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்து தேடுவது இன்னொரு தவறு. தட்டில் காய்ந்த உருண்டைகள் வழக்கம்போல் இருந்து, கூடவே மென்மையான கூழும் கிடந்தால், அது பெரும்பாலும் முயல் தின்னாமல் விட்ட குருட்டுக்குடல் புழுக்கை. மாவுச்சத்து மிகுந்து அது இளகிப்போயிருக்கலாம், அல்லது உடல் பருமனாலோ முதுகு வலியாலோ முயல் அதைக் குனிந்து எடுக்க முடியாமல் இருக்கலாம். காய்ந்த உருண்டை ஒன்றுகூட இல்லாமல் நீராகப் போவதே உண்மையான வயிற்றுப்போக்கு. அது, குறிப்பாகக் குட்டிகளுக்கு, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடியது.

அதேபோல், தின்பதை நிறுத்திய முயலுக்காகக் காலை வரை காத்திருப்பதும் ஆபத்தானது. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றாலோ புழுக்கை நின்றுவிட்டாலோ அது அவசர நிலை. கூனிக் குறுகி அமர்ந்து பற்களை நறநறவென்று கடித்தால் அவ்வளவு நேரம்கூடப் பொறுக்க வேண்டாம். எதையாவது உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் உடனே சிரிஞ்சில் கூழ் புகட்டத் தொடங்குகிறோம். வயிறு பறைபோல் விறைத்திருந்தால் குடலில் அடைப்பு இருக்கக்கூடும், முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது; ஆகவே அடைப்பு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே புகட்ட வேண்டும். குடலை அசைக்கும் மருந்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது இவற்றைவிடக் கொடியது: அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, முயல் இறந்துபோகலாம்.

முடி உருண்டையைக் கரைக்க அன்னாசிச் சாறு என்ற பழைய யோசனையும் கைவிடத்தக்கது. தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் முயலின் இரைப்பையில் முடி இருப்பது இயல்பு. குடல் ஓடும் வரை அது புழுக்கையோடு வெளியேறிவிடும். அன்னாசியிலும் பப்பாளியிலும் உள்ள நொதிகள் முடியைக் கரைப்பதில்லை, சாற்றின் சர்க்கரை மட்டும் உள்ளே போகிறது. புழுக்கைகள் முடியால் கோத்த மணிமாலைபோல் வந்தால் தினமும் சீவிவிடுங்கள், புல்லையும் நீரையும் கூட்டுங்கள்.

நினைவை நம்புவதைவிட ஒரு நோட்டில் எழுதிவைப்பது மேல். வாரம் ஒருமுறை எடையைக் கிராமில் குறித்து, காலையில் தட்டில் உள்ள புழுக்கையின் அளவையும் பருமனையும் பார்த்து, கொடுத்த பெல்லட்டின் எடையையும் எழுதி வந்தால், குடல் நிற்பதற்குச் சில நாள் முன்பே புழுக்கை சிறுத்துக் கறுப்பது கண்ணில் படும். நல்ல புழுக்கையை விரலால் நசுக்கினால் உள்ளே பழுப்பு நிறப் புல் நார் உதிரும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தேறாத முயல்களும் உண்டு. உடல் பெரும்பாலும் வெள்ளையாகவும் கண்ணைச் சுற்றியும் காதுகளிலும் மட்டும் நிறம் கொண்டும் பிறக்கும், சார்லி என்று வளர்ப்போர் அழைக்கும் முயல்களில் சிலவற்றுக்குப் பெருங்குடல் விரிந்து மந்தமாகும் பிறவிக் கோளாறு இருக்கிறது; அவற்றின் புழுக்கை பெரிதாகவும் ஒழுங்கற்ற வடிவிலும் மிருதுவாகவுமே வரும், உண்ட உணவின் சத்தும் முழுதாக உடலில் சேராது. அத்தகைய முயலின் உணவை மேலும் மேலும் இறுக்குவது அதைப் பட்டினி போடுவதாகவே முடியும் என்பதால், தராசில் எடை இறங்குவதைக் கண்டால் குறைத்த பெல்லட்டை மருத்துவரிடம் கேட்டுத் திரும்பச் சேர்க்கத் தயங்க வேண்டாம்.