பால்மாவில் தொடங்குங்கள்

செலவைக் குறைக்கிறேன் என்று வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் மூன்றாம் நாள் சண்டைதான் வரும். மாதத்துக்கு ஒன்று போதும். எங்கள் வீட்டில் முதலில் மாறியது பால்மா, அதை விட்டுப் பசும்பாலுக்கு வந்தோம்.

400 கிராம் பக்கெட்டைக் கரைத்தால் கிட்டத்தட்ட 3 லீற்றர் பால் வரும். 3 லீற்றர் பசும்பால் உங்கள் ஊரில் என்ன விலை என்று கேட்டு, பக்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் இருப்பது மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடி. வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் காலையிலேயே சைக்கிளில் பால் வந்துவிடும், அதனால் எனக்குக் கட்டுப்படியாகிறது. பால் வாங்க மோட்டார் சைக்கிளில் போக வேண்டுமென்றால் பெற்றோல் காசையும் கூட்டுங்கள், பிறகு பால்மாவே மலிவாக இருக்கலாம். வாங்கிய உடனே காய்ச்சுங்கள். மிஞ்சியதை இளஞ்சூடாக ஆறவிட்டு, ஒரு கரண்டி தயிர் கலந்து சட்டியில் வைத்தால் மறுநாள் தயிர்.

தேத்தண்ணிதான் சிக்கல், பழைய அளவிலேயே போட்டால் வெளிறிப் போகும். சாயத்தைக் கொஞ்சத் தண்ணீரில் நல்ல கடுமையாக வடித்து, கொதிக்கிற பாலில் ஊற்றுங்கள். "மாட்டு வாசம் அடிக்குது" என்று அப்பா ஒரு கிழமை சொன்னார். ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டேன், அந்தப் பேச்சு நின்றது.

அடுத்தது அரிசி. மாரி வெள்ளாமை வெட்டு முடிகிற மார்ச் அளவில் மில்லுக்கே போய் மூடையாக வாங்குங்கள், ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம், வண்டு பிடிக்கும். பிடித்தால் நிழலில் பரப்பிப் புடையுங்கள். கடும் வெயிலில் போட்டால் அரிசி வெடித்துச் சோறு குழைந்துவிடும். மில்லில் குறுணலும் கேளுங்கள். அதை ஊறவைத்து இடித்து வறுத்தால் பிட்டுக்கு, இடியப்பத்துக்கு நல்ல மா, கோதுமை மாவை நம்பி இருக்கத் தேவையில்லை.

காஸை விட்டுக் கரண்ட் அடுப்புக்கு மாறலாமென்று நினைக்கிறவர்கள் முதலில் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டுக்கே விலை ஏறும். இது தெரியாமல்தான் நான் வாங்கினேன். இப்போது காஸைத் தேத்தண்ணிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றையும் கறியையும் சிரட்டையிலும் தென்னை மட்டையிலும் சமைக்கிறோம். அந்தக் கரண்ட் அடுப்பு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது, மாரி மழையில் விறகு நனைந்தால் மட்டும் இறங்கும்.